'பை-மந்த்லி' என்றால் எத்தனை நாள்? கரண்ட் பில்லில் ஒளிந்திருக்கும் ஒரு சொல்

தமிழ்நாட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் எல்லோருடைய கையிலும் ஒரு குழப்பமான ஆங்கிலச் சொல் இருக்கிறது. மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலைத் திறந்தால் வீட்டு இணைப்புக்கான வரியிலேயே அது வந்துவிடும். 'பை-மந்த்லி'. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் தன்மையைச் சொல்கிற பெயரடைதான் இது. பை-மந்த்லி பில், பை-மந்த்லி கன்சம்ப்ஷன் என்று வரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு பில்லில் ஆயிரக்கணக்கில் கணக்கு மாறும். அது எப்படி என்று இந்த மாதம் திண்டுக்கல் பக்கத்து உதாரணங்களோடு பார்ப்போம்.

'பை' என்றால் இரண்டு. லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. இரண்டு சக்கரம் இருப்பதால் பைசைக்கிள். 'மந்த்லி' என்றால் மாதாந்திரம். இரண்டையும் சேர்த்தால் என்ன அர்த்தம் வரும்? இங்கேதான் சிக்கல். 'மாதத்துக்கு இரண்டு முறை' என்றும் வாசிக்கலாம், 'இரண்டு மாதத்துக்கு ஒருமுறை' என்றும் வாசிக்கலாம். அகராதியைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. ஆக்ஸ்போர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டுமே இரண்டு அர்த்தங்களையும் கொடுக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இரண்டு பொருளிலும் எழுதி எழுதிப் பழகிவிட்டார்கள். ஆக, குழப்பம் நம்முடைய ஆங்கில அறிவில் இல்லை, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள் என்பதைத் தைரியமாகச் சொல்லலாம்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'இரு' என்ற சொல் எங்கே உட்காருகிறது என்பதிலேயே அர்த்தம் தெளிவாகிவிடும். மாதமிருமுறை என்றால் மாதத்துக்கு இரண்டு தடவை. இதழ்களின் அட்டையில் இப்படி அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு மாதங்களுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு ஆறு தடவை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடக்கப் போய், இடம் மாற்றிப் போட வழியில்லாமல் போய்விட்டது.

கரண்ட் பில்லில் எந்த அர்த்தம்?

தமிழ்நாடு மின்சாரத்தில் பை-மந்த்லி என்றால் இரு மாதங்களுக்கு ஒருமுறை. இதில் சந்தேகமே வேண்டாம். வீட்டுக்கு ரீடிங் எடுக்க ஆள் வருவதும் அப்படித்தான். வெள்ளை அட்டையில் எழுதுகிற யூனிட்டும் இரண்டு மாதத்துக்கானது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்ததை. கட்டணப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வரம்பும், 100, 200, 400, 500 என்று வருகிற அத்தனை எண்களும், இரண்டு மாதத்துக்கான எண்கள்தான்.

வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அறிவிப்பு 2016 மே 23-ஆம் தேதி வந்தது. அன்றைக்கு முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் அதுவும் ஒன்று. அந்த 100 இரண்டு மாதத்துக்கானது. ஆனால் பேச்சில் '100 யூனிட் ஃப்ரீ' என்று மட்டும்தான் நிற்கிறது, 'இரு மாதத்துக்கு' என்பது உதிர்ந்துவிடுகிறது. கேட்பவர், மாதம் 100 என்றே மனதில் குறித்துக்கொள்கிறார். வாடகைக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள் முதல் பில்லைப் பார்த்து முழிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணத்தில் போட்டுப் பார்ப்போம். கணக்கு சுலபமாக இருக்க 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிறகு யூனிட்டுக்குச் சில பைசாக்கள் ஏறியிருக்கின்றன, ஆனால் கணக்கு ஓடுகிற விதம் இதுதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்தினால், முதல் 100-க்குப் பணம் இல்லை. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25. 201 முதல் 400 வரை ரூ.4.50. 401 முதல் 500 வரை ரூ.6. சரியாக 500 யூனிட் ஓட்டியவருக்கு 225, 900, 600 ஆகிய மூன்றும் சேர்ந்து 1,725 ரூபாய்.

500-ஐத் தாண்டினால் வேறு பட்டியல். அப்போதும் முதல் 100-க்குப் பணம் கிடையாது. ஆனால் 101 முதல் 400 வரை மொத்தமும் ரூ.4.50 ஆகிவிடும். 401 முதல் 500 வரை ரூ.6, 501 முதல் 600 வரை ரூ.8, 601 முதல் 800 வரை ரூ.9. அதற்கு மேலும் படி இருக்கிறது, அது நமக்கு இப்போது தேவையில்லை. 510 யூனிட் ஓட்டியவருக்கு எவ்வளவு? 1,350, 600, 80. மொத்தம் 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடுதலுக்கு 305 ரூபாய் அதிகம். அதில் 80 ரூபாய்தான் அந்தப் பத்து யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், இரண்டாவது நூறுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை கைநழுவிப் போனதால் வந்தது.

இப்போது குழப்பத்தின் விலையைப் பார்க்கலாம். ஒரு குடும்பம் 500 யூனிட் வரம்பை மாத வரம்பு என்று நினைத்துக்கொள்கிறது. 'மாசம் 400தானே ஓடுது, 500-க்குள்ளதான் இருக்கோம்' என்று நிம்மதியாக ஏசி போடுகிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு மாதத்துக்கு 225, 900 சேர்த்து 1,125. இரண்டு மாதத்துக்கு 2,250 வரும் என்று எடுத்து வைத்திருப்பார்கள். வாரியத்தின் கணக்கோ இரண்டு மாதம் சேர்த்து 800 யூனிட். 1,350, 600, 800, 1,800. மொத்தம் 4,550 ரூபாய். ஒரு பெயரடையைத் தப்பாக வாசித்ததில் 2,300 ரூபாய் வித்தியாசம். மீட்டர் ஓடுது, ரீடிங் தப்பு என்று பிரிவு அலுவலகத்தில் போய் நிற்பவர்கள், முதலில் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. மீட்டரில் நிஜமாகவே கோளாறு இருக்கலாம், அது வேறு விஷயம். அதற்குப் புகார் கொடுக்க மின்னகம் இருக்கிறது, எண் 94987 94987.

கையிலிருக்கிற போனை வைத்தே இதைச் சமாளிக்கலாம். ரீடிங் எடுத்த அன்றைக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து இன்னொன்று. திரையில் கிலோவாட் ஹவர் என்று காட்டும் எண்ணை மட்டும் பாருங்கள், மற்ற எண்கள் மாறி மாறி வரும், அவை நமக்கு வேண்டாம். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மாதத்து யூனிட். அது 250-ஐ நெருங்கினால் நீங்கள் 500-ஐ நோக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மீதி முப்பது நாளில் சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கும். பில் வந்த பிறகு சுதாரிக்க ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் தெருவுக்கு எந்த மாதத்தில் ரீடிங் வருகிறது என்பதும் முக்கியம். திண்டுக்கல் சமவெளியில் ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கொடைக்கானலும் சிறுமலையும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும் கீழே இருப்பவர்களுக்கு ஃபேன்தான். ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழுகிற வீட்டுக்கு அந்தப் பில் கனமாக இருக்கும். மார்ச்-ஏப்ரல் ஒன்று, மே-ஜூன் இன்னொன்று என்று பிரிந்து விழுகிற வீட்டுக்கு அதே மின்சாரம் கொஞ்சம் பரவிவிடும். பக்கத்துத் தெரு அக்கா வீட்டு பில்லோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் அட்டையில் மாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

சின்னாளபட்டித் தறிவீட்டில்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கும் சின்னாளபட்டியைச் சுங்குடிக்காகவும் சேலைகளுக்காகவும் எல்லோருக்கும் தெரியும். நகருக்குள்ளேயே நாகல் நகரிலும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. 2023 மார்ச்சில் கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது. விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000. இரண்டும் பை-மந்த்லி. அதாவது கைத்தறிக்கு மாதம் சராசரி 150, விசைத்தறிக்கு 500.

கைத்தறி ஓடக் கரண்ட் வேண்டாமே என்று கேட்கலாம். தறி ஓட வேண்டாம்தான். தறிக்கூடத்து விளக்கு, ஃபேன், தார் சுற்றுகிற சின்ன மோட்டார் எல்லாம் கரண்டில்தான். அதற்கு மாதம் 150 போதுமா என்பது ஒவ்வொரு வீட்டையும் பொறுத்தது. ஆனால் மாதம் 300 என்று நினைத்துத் திட்டம் போட்டால் கணக்கு பாதியில் அறுந்துவிடும். விசைத்தறிக்காரர் நிலைமை இன்னும் மோசம். கூடுதலாக ஒரு தறி போடலாமா என்று முடிவெடுக்கும்போது 'இலவசம் 1,000 இருக்கே' என்று மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டால், சேலைக்குப் போட்ட அடக்க விலையே தப்பாகிவிடும்.

இதே தவறு வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி நடக்கிறது. 'கர்நாடகாவில் 200 யூனிட் இலவசம், இங்கே 100தான்' என்று ஒரு ஒப்பீடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. கர்நாடகாவின் கிருக ஜோதித் திட்டத்தில் 200 என்பது மாத வரம்பு. நம்முடைய 100 இரு மாத வரம்பு. ஒப்பிட வேண்டுமென்றால் 200-க்கு எதிரே 50-ஐத்தான் வைக்க வேண்டும். 'அப்போ நமக்கு இன்னும் கம்மியா?' என்று கேட்டால், அந்தக் கணக்கில் ஆமாம். ஆனால் அங்கே 200-ஐத் தாண்டினால் அந்த மாதம் முழுப் பில்லும் கட்ட வேண்டும். இங்கே எவ்வளவு ஓட்டினாலும் முதல் 100 கழிந்துவிடும். எது நல்லது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம். மாதத்தையும் இரு மாதத்தையும் ஒரே தராசில் வைக்காமல் இருந்தால் போதும்.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. வரம்புகள் இப்போது இருக்கிறபடியே இருந்து, ரீடிங் மட்டும் மாதாமாதம் என்றால் நிச்சயம் குறையும், ஏனென்றால் வரம்பே இரண்டு மடங்காகிறது. வரம்பையும் பாதியாக்கினால் கதை வேறு. ஒரு வீட்டில் மே மாதம் 350, ஜூனில் 150 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 500, பில் 1,725. இதையே பாதி வரம்பில் மாதவாரியாகப் போட்டால் மே மாதத்துக்கு 1,825 ரூபாய், ஜூனுக்கு 337 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,162 ரூபாய் 50 காசு. இரு மாதக் கணக்கு ஒரு மாதத்து உச்சத்தை இன்னொரு மாதத்துக் குறைவோடு சேர்த்துச் சமன் செய்துவிடுகிறது என்பதை நான் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

ரயிலில் வேறு அர்த்தம்

இனி ஸ்டேஷனுக்குப் போவோம். திண்டுக்கல் சந்திப்பு வழியாக டெல்லிப் பக்கம் போகிற தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் 'பை-வீக்லி' வண்டிகள். இங்கே 'பை-வீக்லி' என்றால் வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அல்ல! ரயில்வேயில் இது மாறாத வழக்கம். மூன்று நாள் ஓடினால் 'ட்ரை-வீக்லி'.

அதே முன்னொட்டு, அதே நாடு. மின்வாரியத்தில் ஒரு பொருள், ரயில்வேயில் அதற்கு நேர் எதிர்ப் பொருள். மின்வாரியத்தின் அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு ரயிலைப் பார்த்தால் 'ரெண்டு வாரத்துக்கு ஒரு வண்டியா' என்று பஸ்ஸைத் தேடுவீர்கள். ரயில்வேயின் அர்த்தத்தோடு கரண்ட் பில்லைப் பார்த்தால் மாதம் இரண்டு பில் வரும் என்று பயப்படுவீர்கள். அந்தந்தத் துறையின் வழக்கத்தைத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை, விதி என்று ஒன்றும் கிடையாது.

ரிசர்வ் வங்கி மின்வாரியத்தின் பக்கம். 2014 ஏப்ரலிலிருந்து பணக்கொள்கை அறிக்கையைப் பை-மந்த்லியாக, அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் வெளியிடுகிறது. ரெப்போ வட்டி ஏறியதா இறங்கியதா என்ற செய்தி அப்போதுதான் வரும். வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதமே வட்டி மாறுமா என்று காத்திருக்கத் தேவையில்லை, நிதியாண்டுக்கு ஆறு தடவைதான். ஆறு என்றாலே பை-மந்த்லி என்றும் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். நம் கிராம சபையும் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் அக்டோபர் கூட்டத்துக்கும் நவம்பர் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மாதம்தான். தேதிகள் அந்தந்த நாளின் முக்கியத்துவத்தை வைத்து அமைந்தவை.

அரையாண்டு, ஈராண்டு

வருடம் என்று வரும்போது மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது, இரண்டு தனிச் சொற்களைக் கொடுத்திருக்கிறது. 'பை-ஆனுவல்' என்றால் வருடத்துக்கு இரண்டு முறை. 'பை-என்னியல்' என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. காதுக்கு ஒரே மாதிரி இருப்பதால் இங்கேயும் தடுமாற்றம் உண்டு. கொச்சியில் 2012-இல் தொடங்கிய 'பியனாலே' கலைக் கண்காட்சியை நினைத்துக்கொண்டால் இரண்டாவது சொல் மறக்காது, ஈராண்டு என்பதுதான் அந்தப் பெயரே. மாநிலங்களவையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வுபெறுவார்கள். அந்த இடங்களுக்கு நடக்கும் தேர்தலைத் தேர்தல் ஆணையம் 'பை-என்னியல் எலெக்ஷன்' என்று அறிவிக்கிறது. இதைப் பார்த்து இடைத்தேர்தல் என்று மொழிபெயர்த்து ஷேர் செய்பவர்களும் உண்டு. இடைத்தேர்தலுக்கான 'பை-எலெக்ஷன்' வேறு 'பை', அதற்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வருடத்துக்கு இரண்டு முறை என்பதற்கு நம் வீட்டு உதாரணம் சொத்துவரி. திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சியானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நல்லவேளையாக இங்கே 'பை' போட்டுக் குழப்பாமல் 'ஹாஃப்-இயர்லி' என்றே எழுதுகிறார்கள். ரசீதில் இருக்கும் தொகை அரை வருடத்துக்கானது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வீடு வாங்கும்போது 'வரி ஆயிரத்து இருநூறுதான்' என்று சொன்னால் அது வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு. ஒவ்வொரு அரையாண்டிலும் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ரூ.5,000. ஊராட்சி எல்லையில் வீட்டுவரி வருடத்துக்கு ஒருமுறை. நகரை ஒட்டிய ஊராட்சியிலிருந்து நகருக்குள் குடிவந்தவர்கள், 'இந்த வருஷம் கட்டியாச்சே' என்று இரண்டாவது அரையாண்டை விட்டுவிடுவது இதனால்தான்.

சம்பளத்திலும் இந்தச் சொல் வரும். வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்க்கிற இளைஞர்கள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 'பை-வீக்லி பே' என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம், வருடத்துக்கு 26. நம் ரயிலின் பை-வீக்லியோடு இது ஒத்துப்போகாது. சம்பளத்தில் 'பை-மந்த்லி' என்று எழுதினால் பெரும்பாலும் மாதத்துக்கு இரண்டு தடவை என்ற பொருளில்தான் எழுதுவார்கள், வருடத்துக்கு 24. ஒவ்வொரு தவணையும் ஒரே தொகையாக இருந்தால் 26-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தவணைச் சம்பளம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வருடத்துக்கு எத்தனை தடவை, எந்தெந்தத் தேதியில் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதும்போது என்ன செய்வது? மனு, ஆன்லைன் புகார், அலுவலகக் கடிதம் எதுவானாலும் இந்தப் 'பை'யைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். 'ஒன்ஸ் இன் டூ மந்த்ஸ்' என்றோ 'ட்வைஸ் எ மந்த்' என்றோ எழுதினால் யாரும் தப்பாக வாசிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதற்கு 'ஃபோர்ட்நைட்லி' என்ற அருமையான சொல் இருக்கிறது, ஆனால் அமெரிக்கர்களுக்கு அது அவ்வளவு பழக்கமில்லை. தமிழில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை. அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு கொடுக்கலாம், இணையவழிப் புகார்களையும் தமிழில் தட்டச்சு செய்யலாம்.

இன்னும் ஒன்று. உங்கள் பில் எந்த மாதத்தில் வரும் என்று தெரிந்திருந்தால் ஒரு மோசடியிலிருந்தும் தப்பிக்கலாம். 'போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு கரண்ட் கட் ஆகும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று குறுஞ்செய்தி வருகிறதல்லவா? போன மாதம் உங்கள் தெருவுக்கு ரீடிங்கே எடுக்காத மாதமாக இருந்தால் அங்கேயே பொய் பிடிபட்டுவிடும். அந்த எண்ணுக்குப் பேச வேண்டாம், அதிலுள்ள இணைப்பைத் தொடவும் வேண்டாம். மின்வாரியத்தின் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.